பார்க்கறதுக்கே ஐநூறா?

காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பர் எப்படி எழுதினேன்னு யாரும் கேட்க வேண்டாம். அதைவிட உருப்படியான ஒரு காஸ்டிங் பாடம் எங்க வீட்டு வாசல்லயே நடந்துச்சு, இன்னிக்கு அதைப் பத்தித்தான் பதிவு. கொஞ்சம் கோபத்துல எழுதறேன். முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கங்க.

நம்ம ஊர்ல ஒரு வாக்கியம் இருக்கு. ராத்திரி நிறுத்தின கார் காலையில செல்ஃப் எடுக்கலன்னா, பேட்டரிக் கடைக்காரர்ல ஆரம்பிச்சு பக்கத்து வீட்டு மாமா வரைக்கும் எல்லாரும் அதையே சொல்வாங்க: "பேட்டரி போச்சு, மாத்திடுங்க." மீட்டர் வைக்க மாட்டாங்க. பானெட்டைத் தூக்கி ஒரு பார்வை, ஹாரனை ஒரு அமுக்கு, அவ்வளவுதான், தீர்ப்பு. டாக்டர் ஜுரமானி வைக்காம ஆபரேஷனுக்கு எழுதிக் கொடுத்தா சும்மா இருப்போமா? காருக்கு மட்டும் இருக்கோம்.

எங்க கதைக்கு வர்றேன். அப்பா திருச்சியில சொந்தமா ஒரு மஞ்சள் போர்டு கார் ஓட்டறார். 2016 மாடல், பெட்ரோல். சனிக்கிழமை ஓட்டறதுக்கு மட்டும் ஒரு அண்ணன் வருவார். சனி ராத்திரி பத்து மணிக்கு வண்டியை வாசல்ல விட்டுட்டு சாவியைக் கொடுத்துட்டுப் போவார். ஞாயிறு வண்டிக்கு ஓய்வு. திங்கள் காலை ஆறு மணிக்கு அப்பா எடுப்பார். இந்த நாள் கணக்கை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

2024 தீபாவளிக்கு, கஸ்டமருங்க பாட்டு கேக்கறாங்கன்னு, சீட் கவர் கடை ஒண்ணுல புது ஸ்டீரியோ மாட்டினோம். தொடுதிரை, புளூடூத், எல்லாம் ஜோர். டிசம்பர் கடைசியில ஒரு திங்கக்கிழமை, 'டக்'னு ஒரு சத்தம், அதோட சரி. தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணினோம். அடுத்த திங்களும் அதே. பேட்டரிக்கு வயசு ரெண்டரை.

முதல்ல ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் கிட்டதான் போனோம். வயசானவர், தகரக் கொட்டகைக் கடை. விஷயத்தைக் கேட்டுட்டு, "வண்டியை விட்டுட்டுப் போங்க தம்பி. கரண்டு எங்க போகுதுன்னு பார்க்கணும், அரை நாள் ஆகும். ஐநூறு கொடுங்க"ன்னார். அப்பா, "என்ன மாத்தறீங்க ஐநூறுக்கு?"ன்னார். "இப்ப எதுவும் மாத்தல. பார்க்கறேன்." அப்பா என்னைப் பார்த்தார். நானும் பி.காம் அறிவு மொத்தத்தையும் திரட்டிச் சொன்னேன்: "பார்க்கறதுக்கே ஐநூறா?"

கிளம்பி வந்துட்டோம். நேரா பேட்டரிக் கடைக்குப் போய், பழசைக் கொடுத்தது போக 4,300 ரூபாய்க்குப் புதுசு வாங்கிப் போட்டோம். கடைக்காரர் டீ எல்லாம் வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வரும்போது ரெண்டு பேருக்கும் ஒரு பெருமை. ஐநூறை மிச்சம் பண்ணிட்டோமாம்!

வண்டி அஞ்சு வாரம் ஒழுங்கா ஓடுச்சு. "பார்த்தியா, பேட்டரிதான்" அப்படின்னார் அப்பா.

இந்த அஞ்சு வாரம்தான் என் கோபத்துக்கு மூலகாரணம். புது பேட்டரி போட்டதும் வண்டி ஓடுது, அதனால பழைய பேட்டரிதான் குற்றவாளின்னு எல்லாரும் நம்பறோம். தப்பு. அடியில ஓட்டை இருக்கிற தண்ணித் தொட்டிக்குப் பதிலா, அதே ஓட்டையோட இன்னும் கொஞ்சம் பெரிய தொட்டியை வெச்சா காலையில தண்ணி மிச்சம் இருக்கத்தான் செய்யும். ஓட்டை அடைஞ்சதுன்னு அர்த்தமா?

கணக்காவே போடுவோம். எங்க பேட்டரி 35 ஆம்பியர்-அவர். வண்டியைப் பூட்டின பிறகும் கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர் ஞாபகம்னு கொஞ்சம் கரண்டு ஓடிக்கிட்டேதான் இருக்கும். பொதுவா அது 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருந்தா சரி. 30 மில்லின்னு வெச்சா 35 ஆம்பியர்-அவர் முழுசாத் தீர கிட்டத்தட்ட ஏழு வாரம் ஆகும். பாதி தீரவே மூணு வாரம் தாண்டும். நல்ல பேட்டரி உள்ள நல்ல வண்டி, ஒரு ஞாயிறு சும்மா நின்னதுக்காக சாகாது. எங்க வண்டியில (பின்னாடி அளந்து கண்டுபிடிச்சது) 0.6 ஆம்பியர் போய்க்கிட்டிருந்துச்சு. ஒரு நாளைக்கு 14.4 ஆம்பியர்-அவர். சனி ராத்திரி பத்துல இருந்து திங்கள் காலை ஆறு வரைக்கும் 32 மணி நேரம். 32 × 0.6 = 19.2. பாதிக்கு மேல காலி.

புது பேட்டரி மிச்சம் இருக்கிற பதினாறுல தம் கட்டி இழுத்துடும். ஆனா ஈய-அமில பேட்டரி இப்படி ஆழமா வடிஞ்சு வடிஞ்சு நின்னா, தகடு மேல ஈய சல்பேட் படிஞ்சு கெட்டியாகிடும். அதுக்கப்புறம் சார்ஜ் ஏத்தினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. அதனால அஞ்சு வாரத்துல அதுவும் பழைய பேட்டரி மாதிரியே ஆயிடுச்சு. பேட்டரி கெட்டதால கார் நிக்கல. கார்தான் பேட்டரிகளைக் கொன்னுக்கிட்டு இருந்துச்சு. கொலைகாரனை விட்டுட்டு நாம பொணத்தை மாத்திக்கிட்டு இருந்தோம்.

வாரண்டி இருக்கேன்னு கடைக்குக் கொண்டு போனோம். அங்க சார்ஜ் ஏத்திப் பார்த்துட்டு, "பேட்டரி நல்லாத்தான் இருக்கு அண்ணே. வடிஞ்சு போனதுக்கெல்லாம் வாரண்டி கிடையாது. யாரோ லைட்டை அணைக்காம விட்டிருக்காங்க"ன்னார்.

கவனிச்சீங்களா? போன மாசம் வடிஞ்ச பேட்டரி 'போன பேட்டரி'. விக்கிறவருக்கு லாபம். இந்த மாசம் அதே மாதிரி வடிஞ்ச பேட்டரி 'நல்ல பேட்டரி'. மாத்திக் கொடுத்தா அவருக்கு நஷ்டம். மீட்டர் ரெண்டு தடவையும் வெளிய வரல. அவர் ஏமாத்துக்காரர்னு நான் சொல்ல வரல. பேட்டரி விக்கிறவர் கிட்ட போய் கேள்வி கேட்டா பேட்டரிதான் பதிலா வரும், அவ்வளவுதான்.

ஆனா அந்த 'யாரோ' இருக்கே, அதுதான் வீட்டுக்குள்ள நுழைஞ்சுடுச்சு. யாரோன்னா யாரு? வண்டி சாகறது எல்லாம் திங்கக்கிழமை. அதுக்கு முன்னாடி கடைசியா ஓட்டினது சனிக்கிழமை அண்ணன். அப்பா அவரைக் கூப்பிட்டு வாசல்ல நிக்க வெச்சு, நாலு பேர் முன்னாடி சத்தம் போட்டார். "உள் லைட்டைக்கூட அணைக்கத் தெரியாதா? பேட்டரி என்ன விலை தெரியுமா?" அண்ணன், "இல்லண்ணே, நான் அணைச்சேன், நல்லா ஞாபகம் இருக்கு"ன்னு ரெண்டு தடவை சொன்னார். மூணாவது தடவை சொல்லல. அடுத்த சனிக்கிழமை அப்பா அவரைக் கூப்பிடல.

உள் லைட் 5 வாட். 12 வோல்ட்டுல சுமாரா 0.4 ஆம்பியர். 32 மணி நேரத்துல 13 ஆம்பியர்-அவர் தின்னுடும், அதனால அப்பா சொன்னது நடக்கவே முடியாத விஷயம் இல்ல. ஆனா லைட்டைத்தான் அணைக்கலன்னா, திங்கக்கிழமை காலையில அந்த ஸ்விட்ச் ஆன்ல இருந்திருக்கணும் இல்லையா? பேட்டரி செத்தாலும் ஸ்விட்ச் தானா ஆஃப் ஆகாதே! யாராவது அண்ணாந்து பார்த்தோமா? நானும் பார்க்கல. தள்ளறதுலயே குறியா இருந்தேன்.

அதுக்கப்புறம் அப்பா ஒரு 'வைத்தியம்' ஆரம்பிச்சார். ராத்திரி நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டி வெச்சுடறது, காலையில மாட்டறது. இதுக்குன்னே திருகி கழட்டற கட்-ஆஃப் சுவிட்ச் கடையில விக்கிறாங்க. நம்ம ஊர் மூளைக்கு இதை உதாரணமா சொல்லிப் பூரிக்கிறவங்களும் உண்டு. எனக்கு இது கல்லாப்பெட்டியில தினம் காசு குறையுதுன்னா ராத்திரி பெட்டியையே வீட்டுக்குத் தூக்கிட்டு வர்ற மாதிரி. எடுக்கிறவன் கடையிலயேதான் இருக்கான். மார்ச் மாசம், பரீட்சை சீசன், ட்ரிப் கம்மி. வியாழன், வெள்ளி வண்டி சும்மா நின்னுச்சு. அலுப்புல டெர்மினலைக் கழட்ட மறந்துட்டார். சனி விடியக்காலை மூணு மணிக்கு ஏர்போர்ட் டிராப். ஏழு வருஷமா எங்க வண்டியைத் தவிர வேற கூப்பிடாத குடும்பம். சிங்கப்பூர் பிளைட்.

'டக்.'

அவங்க ஆப்ல வேற வண்டி பிடிச்சுப் போய்ட்டாங்க, பிளைட்டும் கிடைச்சுடுச்சு. ஆனா அதுக்கப்புறம் அந்த நம்பர்ல இருந்து போன் வரல. இதை எந்த லெட்ஜர்ல எந்தத் தலைப்புல எழுதறது? புரொபசரைக் கேட்டா குட்வில்னு சொல்வார். 

நிற்க.

அன்னிக்கு சாயங்காலம் கடைத்தெருவுல 350 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். எனக்கு எலக்ட்ரிக்கல் ஒண்ணும் தெரியாது, பத்தாவதோட அறிவியலுக்கு டாட்டா காட்டினவன். ஆனா இது எலக்ட்ரிக்கலே இல்ல, ஆடிட்டிங். 1494ல லூகா பசியோலி ரெட்டைப் பதிவு முறையைப் புத்தகத்துல அச்சுப் போட்டார்: பற்று எவ்வளவோ வரவும் அவ்வளவு. 1845ல கிர்ச்சாஃப் கரண்டுக்கு அதையே சொன்னார்: ஒரு சந்திப்புக்குள்ள எவ்வளவு வருதோ அவ்வளவும் வெளிய போயாகணும். வடிஞ்ச கரண்டு காத்துல கரையாது, ஏதோ ஒரு ஒயர் வழியாத்தான் போகும். எந்த ஒயர்னு பார்த்தாப் போதும்.

பார்க்கற வித்தை இதுதான். தேவைப்படறவங்க குறிச்சுக்கங்க. முதல்ல பேட்டரியையே சோதிக்கணும். நியாயம்னா நியாயம்தான், சில சமயம் அது நிஜமாவே செத்திருக்கும். நம்ம வெயிலுக்கு மூணு நாலு வருஷத்துல சாகறது சகஜம். முழு சார்ஜ் ஏத்தி சில மணி நேரம் சும்மா விட்டுட்டு அளந்தா 12.6 வோல்ட் பக்கம் காட்டணும். 12.2ன்னா பாதிதான் இருக்கு. ஒயர் எதுவும் மாட்டாம தனியா வெச்சிருந்தும் ஒரு நாள்ல இறங்கிப் போச்சுன்னா பேட்டரிதான் குற்றவாளி, தாராளமா மாத்துங்க. எஞ்சின் ஓடும்போது 13.8ல இருந்து 14.4 வரைக்கும் காட்டினா டைனமோ சார்ஜ் பண்ணுதுன்னு அர்த்தம். (இதுக்காக எஞ்சின் ஓடும்போதே பேட்டரி ஒயரைப் பிடுங்கிப் பார்க்கிற மெக்கானிக்குகள் இருக்காங்க. விடாதீங்க. வோல்டேஜ் எகிறி கம்ப்யூட்டர் போயிடலாம்.)

இந்த ரெண்டும் சரியா இருந்தாத்தான் திருட்டு. எல்லாத்தையும் அணைச்சு, சாவியை எடுத்துடணும். கதவைத் திறந்து வெச்சுக்கிட்டுத்தான் உள்ள இருக்கிற ஃப்யூஸ் பாக்ஸைத் தொட முடியும், அதனால கதவுப் பூட்டை ஸ்குரூ டிரைவரால அழுத்தி, மூடினதா வண்டியை நம்ப வைக்கணும். மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாத்தி, ஒரு முனையை நெகட்டிவ் ஒயர்லயும் இன்னொண்ணை பேட்டரி நெகட்டிவ்லயும் பிடிச்சுக்கிட்டே ஒயரைக் கழட்டணும். பாசிட்டிவ் பக்கம் போகவே வேண்டாம், ஸ்பானர் பாடியில தட்டினா தீபாவளிதான். அப்புறம் முக்கியமான வேலை, சும்மா உக்காரணும். வண்டிக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டருங்க எல்லாம் தூங்க இருபது நிமிஷம், அரை மணி, சிலதுல அதுக்கு மேலயும் ஆகும். உடனே பார்த்தா ரெண்டு ஆம்பியர் கூட காட்டும், அதைப் பார்த்து பயப்படறது வீண். ஒயரை டெர்மினல்ல தட்டி 'பொறி பறக்குது, ஷார்ட்டு'ன்னு சொல்றாங்களே, அது இதனாலதான் அர்த்தமில்லாதது. இந்தக் காலத்து வண்டி எதுல தட்டினாலும் பொறி வரும். பேட்டரி பக்கத்துல ஹைட்ரஜன் வேற இருக்கும், எதுக்கு வம்பு?

நான் உக்காந்திருந்தப்ப அப்பா வந்து, "என்னடா சரியாயிடுச்சா?"ன்னு பழக்க தோஷத்துல சாவியைப் போட்டுத் திருப்பிட்டார். செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல கேக்கும். மலிவு மீட்டர்ல அந்த 10 ஆம்பியர் துளைக்கு ஃப்யூஸே இருக்காது. மீட்டர் புகைஞ்சு போச்சு. இன்னொரு 350. (மொத்தம் 700. ஐநூறை மிச்சம் பிடிச்சவன்டா நீ!)

ரெண்டாவது மீட்டர்ல, அரை மணி கழிச்சு, 0.62 ஆம்பியர். இருபது மடங்கு! அப்புறம் ஃப்யூஸை ஒவ்வொண்ணா பிடுங்கினேன். ஹாரன், மாற்றம் இல்ல. வைப்பர், இல்ல. ஒன்பதாவதோ பத்தாவதோ, ஆடியோன்னு போட்டிருந்த ஃப்யூஸைப் பிடுங்கினதும் மீட்டர் 0.02க்கு விழுந்துச்சு. மறுபடி சொருகினேன், ஏறுச்சு. பிடுங்கினேன், விழுந்துச்சு. ஏழெட்டு தடவை பண்ணிப் பார்த்தேன், சந்தோஷத்துல. (புது வண்டிகள்ல ஃப்யூஸைப் பிடுங்கினா கம்ப்யூட்டர் முழிச்சுக்கும். அதுக்குப் பதில் ஃப்யூஸோட ரெண்டு முனையிலயும் மில்லிவோல்ட் அளந்தா எதுல கரண்டு ஓடுதுன்னு பிடுங்காமலே தெரியும். எல்லா ஃப்யூஸும் சுத்தம்னா டைனமோ டையோடைச் சந்தேகப்படணும்.)

மறுநாள் வண்டியை எடுத்துக்கிட்டு தகரக் கொட்டகைக்கே போனோம். பெரியவர் ஸ்டீரியோவை வெளிய இழுத்தார், அஞ்சு நிமிஷம்கூட ஆகல. ஸ்டீரியோவுக்கு மஞ்சள் ஒயர் எப்பவும் கரண்டு இருக்கிற லைனுக்குப் போகணும், நேரம், ஸ்டேஷன் எல்லாம் ஞாபகம் வெச்சுக்க. சிவப்பு ஒயர் சாவி திருப்பினா மட்டும் கரண்டு வர்ற லைனுக்குப் போகணும், தூங்கு, முழிச்சுக்கோன்னு சொல்ல. சீட் கவர் கடையில ரெண்டையும் சேர்த்து முறுக்கி ஒரே லைன்ல டேப் சுத்தி விட்டிருந்தாங்க. திரை இருட்டாத்தான் இருக்கும், உள்ள அது மட்டும் ராத்திரி பகலா முழிச்சுக்கிட்டே இருந்திருக்கு. தீபாவளியில இருந்து. ட்ரிப் ஓடற நாள்ல டைனமோ திருப்பி ஏத்திடும், தெரியாது. நிக்கிற நாள்ல மட்டும் குட்டு வெளிப்படும்.

பெரியவர் சிவப்பைப் பிரிச்சு சரியான லைன்ல போட்டார். இருபது நிமிஷம். நான்தான் கேட்டேன், எவ்வளவுன்னு. "ஃப்யூஸை நீயே கண்டுபிடிச்சுட்ட, இருநூறு கொடு"ன்னார். அப்பா ஐநூறா எடுத்துக் கொடுத்தார். அவர் வாங்கிக்கல. முந்நூறைத் திருப்பிக் கொடுத்துட்டார்.

கிளம்பும்போதுதான் கவனிச்சேன். கொட்டகை ஓரத்துல பத்துப் பன்னெண்டு புது பேட்டரி அடுக்கி வெச்சிருந்தது. முன்னாடி வந்தப்ப அது இல்ல. "இது எப்பண்ணே?"ன்னேன். சிரிச்சார். "என்ன தம்பி பண்றது? கரண்டு எங்க போகுதுன்னு பார்க்கறேன்னா யாரும் காசு தர மாட்டேங்கிறாங்க. பேட்டரி போச்சுன்னா மறு பேச்சு இல்லாம எடுத்து நீட்டறாங்க."

எனக்கு அங்க நிக்க முடியல. ஏன்னா அந்த 'யாரும்'ல நாங்களும் உண்டு. இவ்வளவு நேரம் பேட்டரிக் கடைக்காரரைத் திட்டினேன், சீட் கவர் கடையைத் திட்டினேன். சரிதான், திட்டலாம். ஆனா தெரிஞ்சவர் ஒருத்தர் கண்ணு முன்னாடி நின்னு சரியான வேலையைச் சரியான விலைக்குச் சொன்னப்ப, கையில பிடிச்சுப் பார்க்க ஒரு பொருள் இல்லைங்கிற ஒரே காரணத்துக்காக எழுந்து போனது நாங்க. பில்லுல பொருள் பேரு இருந்தா 4,300 நியாயம். 'பார்த்தேன்'னு இருந்தா 500 கொள்ளை. இதே ஆளுங்கதான் (அடியேன் உட்பட) நாளைக்கு ஆடிட்டர் ஆகி, அடுத்தவன் கணக்கைப் 'பார்க்க' ஃபீஸ் வாங்கப் போறோம். அரியர் இல்லாம பாஸானா.

'எல்லா மெக்கானிக்கும் அரை நாள் உக்காந்து பார்த்துக்கிட்டிருந்தா பொழப்பு ஓடுமா'ன்னு கேப்பீங்க. ஓடாது, ஒத்துக்கறேன். அந்த அரை நாளுக்கு நாம காசு கொடுக்கற வரைக்கும் ஓடவே ஓடாது. அதுவரைக்கும் அவங்க வித்துக்கிட்டுத்தான் இருப்பாங்க, நாம வாங்கிக்கிட்டுத்தான் இருப்போம். 'எனக்கு நிஜமாவே பேட்டரிதான் போயிருந்துச்சு'ன்னு சொல்றவங்களுக்கும் ஒரே கேள்விதான்: அளந்தீங்களா?

எங்க முதல் பேட்டரி, ரெண்டரை வயசுக்காரன், நிஜமாவே செத்திருந்ததா, இல்ல அதையும் ஸ்டீரியோதான் கொன்னுச்சான்னு இனிமே தெரிய வழியில்ல. எடைக்குப் போய் உருகியிருக்கும்.

அன்னிக்கு ராத்திரி அப்பா அந்த அண்ணனுக்கு போன் பண்ணினார். ஸ்பீக்கர்ல போடல, ஆனா பக்கத்துலதான் இருந்தேன். ஸ்டீரியோ ஒயர் கதையை முழுசாச் சொன்னார், மஞ்சள், சிவப்பு எல்லாம். "உன்மேல தப்பு இல்லப்பா"ன்னார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "பரவால்லண்ணே. நான் இப்ப ஸ்கூல் வேன்ல சேர்ந்துட்டேன், சனிக்கிழமையும் ட்யூட்டி இருக்கு"ன்னார்.

அப்பா போனை வெச்சுட்டு வாசலுக்குப் போனார். எட்டிப் பார்த்தேன். கார் கதவைத் திறந்து, உள் லைட் ஸ்விட்சை அண்ணாந்து பார்த்துக்கிட்டிருந்தார்.